மீதியை வெள்ளித்திரையில் காண்க: திருவல்லிக்கேணியில் ஒரு பாட்டுப் புத்தகக் கடை

பழைய தமிழ்ப் படங்களின் பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், ஸ்டில், இசைத்தட்டு உறை என்று சேர்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும், சினிமாத் துணுக்கு என்றால் பசி மறந்து பேசுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். திருவல்லிக்கேணியில் பைகிராப்ட்ஸ் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பழைய வீடு ஒன்றின் மாடியில் இந்தக் கடை இருக்கிறது. போர்டு கிடையாது. கீழே டெய்லர் கடை, அதை ஒட்டி மரப்படி, ஏறினால் வலது கைப்பக்கம் உள்ள அறை. ஒன்றரை வருடத்தில் ஏழெட்டு முறை போய்விட்டேன். தன் பெயரையும் போன் நம்பரையும் எங்கேயும் போட வேண்டாம் என்று கடைக்காரப் பெரியவர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. டெய்லரிடம் "பாட்டு புக் கடை" என்றால் கையைக் காட்டுவார்.

ஏன் இந்தக் கடையைத் தேடிப் போனேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு முன்னால் 'சந்திரலேகா' பாட்டுப் புத்தகம் ஒன்றை ஆன்லைனில் ஒரு ஆளிடம் 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஜெமினி வாசன் 1948-ல் எடுத்த படம், அந்த முரசு நடனத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை, அதன் காகிதம் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்பது பல வருட ஆசை. பார்சலைப் பிரித்தேன். நடுவில் பின் அடித்த இடத்தில் துருக்கறை தெரிந்தது, சரி, பழசுதான் என்று சந்தோஷமாக விரலால் தடவினேன். வழுவழு என்றிருந்தது. துருவே அச்சில் இருந்தது, பின் மட்டும் புதுசு. கலர் ஜெராக்ஸ். பணம் திரும்ப வரவில்லை.

அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் முதல் தடவை இந்த மாடி ஏறினேன். பெரியவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல், தன் பெட்டியிலிருந்து வேறொரு பழைய புத்தகத்தை எடுத்து, ஒரு தாளைத் திருப்பி, "கண்ணை மூடிக்கிட்டுத் தடவுங்க தம்பி" என்றார். தாளின் பின்பக்கம் விரலில் மணல் மாதிரி தட்டியது. ஈய எழுத்து கோத்து அச்சடித்த காலத்துத் தாள் அது, எழுத்து ஒவ்வொன்றும் காகிதத்தில் பதிந்து மறுபக்கம் புடைத்திருக்கும். ஜெராக்ஸில் அது வராது. இன்னொன்றும் காட்டினார். அந்தக் கால அட்டையில் ஒவ்வொரு மையையும் தனித்தனியாக ஏற்றுவார்கள், அதனால் கதாநாயகியின் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு ஒரு நூல் தள்ளி விழுந்திருக்கும். அந்த விலகலில் மை மேல் மை ஏறிய இடம் லென்ஸில் தனியாகத் தெரியும், ஜெராக்ஸில் எல்லாம் ஒரே பொடிப்புள்ளி. இதற்காக அவர் ஒரு பைசா வாங்கவில்லை, அன்றைக்கு நான் எதையும் வாங்கவும் இல்லை. அரை மணி நேரம் நின்றுகொண்டே சொல்லிக்கொடுத்தார்.

கடையில் என்ன இருக்கிறது என்றால், முப்பதுகளிலிருந்து எண்பதுகள் வரைக்குமான பாட்டுப் புத்தகங்கள்தான் பிரதானம். சுவரோரம் தகரப் பெட்டிகள், மேலே சாக்பீஸில் வருடம் எழுதியிருக்கும். அறுபது, எழுபதுகளின் புத்தகங்கள் நான் போனபோது 100-லிருந்து 250 ரூபாய்க்குள் கிடைத்தன. ஐம்பதுகள் என்றால் 400, 500. நாற்பதுகளுக்கு முந்தியது ஆயிரத்துக்குக் கீழே இல்லை, நிலைமையைப் பொறுத்து ஏறும். நோட்டீஸ்கள் தனிக் கட்டு. ரெக்கார்டு கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அதற்காக இங்கே போக வேண்டாம், உறை இருந்தால் தட்டு இல்லை, தட்டு இருந்தால் கீறல்.

பாட்டுப் புத்தகம் என்பதையே பார்க்காத தலைமுறை இப்போது வந்துவிட்டது, அதனால் ஒரு வார்த்தை. தியேட்டர் வாசலில் அணாக் கணக்கில் விற்ற மெல்லிசான புத்தகம். முதலில் நடிகர் பட்டியல், பிறகு கதைச் சுருக்கம், பிறகு பாட்டுகள். கதைச் சுருக்கம் சரியாக முடிச்சு விழுகிற இடத்தில் நின்றுவிடும், "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று ஒரு வரி வரும். என் பாட்டி இந்த வரியைப் பேச்சுக்குப் பேச்சு சொல்வாள், சமையலறையில் என்ன குழம்பு என்று கேட்டால்கூட. ஆரம்ப காலப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலே ராகம், தாளம் போட்டிருக்கும், வாங்கியவர்கள் வீட்டில் உட்கார்ந்து பாடிப் பார்க்கத்தான் வாங்கினார்கள்.

இந்தக் கடையை மற்ற பழைய பேப்பர் கடைகளிலிருந்து வேறுபடுத்துவது சனிக்கிழமை சாயந்தரம். ஐந்து மணிக்கு மேல் ஆறேழு பேர் கூடிவிடுவார்கள். ரிட்டயரான பேங்க்காரர், ஒரு நாதஸ்வர வித்துவான், விஸ்காம் படிக்கிற இரண்டு பிள்ளைகள், யாராவது புதுசாக ஒருத்தர். துணுக்குப் பேச்சு ஓடும். ஆனால் இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் என்ன சொன்னாலும் பெரியவர் "காகிதம் காட்டுங்க" என்பார். காகிதம் இல்லையென்றால் அதை யாரும் திருப்பிச் சொல்லக்கூடாது. சினிமாத் துணுக்கு என்று இன்றைக்குக் கைபேசியில் சுற்றுகிறவற்றில் பாதி வாய்க்கு வாய் மாறி வந்தவை. இந்த மாடியில்தான் நான் பதினைந்து வருடமாக நம்பிச் சொல்லிவந்த பலதும் திருத்தப்பட்டன.

'ஹரிதாஸ்' மூன்று வருடம் ஓடிய படம் என்று நான் சொன்னேன்.

"மூணு தீபாவளின்னு சொல்லுங்க தம்பி, மூணு வருஷம்னு சொல்லாதீங்க" என்றார் பெரியவர். விரல் விட்டு எண்ணிக் காட்டினார். 1944 தீபாவளிக்கு வந்தது, அது ஒன்று. 1945 தீபாவளி இரண்டு. 1946 தீபாவளியையும் பார்த்துவிட்டது, அது மூன்று. ஆனால் நாள் கணக்குப் பார்த்தால் இரண்டு வருடத்துக்குச் சற்று மேல்தான். சென்னை பிராட்வே தியேட்டரில் நூறு வாரத்தைத் தாண்டி ஓடிய படத்துக்கு இது ஒன்றும் குறைவில்லை. எனக்கு உடம்பே சிலிர்த்தது இதற்கு அடுத்து அவர் சொன்னதில்தான். படம் வந்து சில வாரங்களில், சினிமாக்காரர்களைப் பற்றி வம்பு எழுதிவந்த பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தனின் கொலை நடக்கிறது, கதாநாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதாகிறார்கள், இரண்டு பேருமே ஹரிதாஸில் நடித்தவர்கள். தண்டனை, ஹைகோர்ட் அப்பீல், அப்போது கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் என்று போய் 1947-ல்தான் விடுதலை. அப்படியானால் பிராட்வேயில் "மன்மத லீலையை வென்றார் உண்டோ" என்று அந்தக் குரல் ஆட்டத்துக்கு ஆட்டம் ஒலித்துக்கொண்டிருந்த அத்தனை நாளும், தொடக்கத்துச் சில வாரங்கள் போக, பாடியவர் உள்ளே இருந்திருக்கிறார். இரண்டு செய்தியும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே கிடையாது.

அன்றைக்கே ஹரிதாஸ் புத்தகத்தை வாங்கிவிட்டேன், 1,400 ரூபாய். பேரம் பேசவில்லை. ஓரமெல்லாம் பழுப்பேறி, பின் துருப்பிடித்து இரண்டு பக்கம் ஓட்டை விழுந்திருந்தது. முன்னால் வைத்திருந்தவர் பிடித்த பாட்டுகளுக்குப் பென்சிலில் டிக் அடித்திருக்கிறார். "கிருஷ்ணா முகுந்தா முராரே" பாட்டுக்குப் பக்கத்தில் மட்டும் டிக் இல்லை, அதற்குப் பதிலாகப் பொடிப்பொடியாக ஸ்வரம் எழுதி, ஒரு இடத்தில் அடித்துத் திருத்தி, திருத்தியதையும் அடித்து மூன்றாவதாக எழுதியிருக்கிறது. ஆர்மோனியம் வாசிக்கிற யாரோ. தியேட்டரில் கேட்டுவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்து எழுதி, சரியில்லை என்று மறுபடி படம் பார்க்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். எனக்கு அந்தப் பென்சில் எழுத்துக்கே 1,400 தகும். நாதஸ்வர வித்துவானிடம் காட்டினேன், அவர் மெதுவாக முணுமுணுத்துப் பார்த்துவிட்டு "மூணாவதா எழுதினதுதான் சரி" என்றார்.

புத்தகங்களை வருட வரிசையில் அடுக்கிப் பார்க்கும்போது வேறொன்றும் புரிந்தது. 1934-ல் வந்த 'பவளக்கொடி', பாகவதரின் முதல் படம், ஐம்பது பாட்டு. அந்தக் காலப் பாட்டுப் புத்தகங்களைத் திறந்தால் பாட்டு பாட்டாகப் போய்க்கொண்டே இருக்கிறது. நாற்பதுகளின் நடுவில் வந்தவை சட்டென்று இளைத்துவிடுகின்றன. ரசனை மாறியதுதான் காரணம் என்று நான் நினைத்திருந்தேன். அது ஒரு பங்கு. இன்னொரு பங்கு யுத்தம். பிலிம் தட்டுப்பாட்டில் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று 1943-ல் அரசாங்கம் உத்தரவு போட்டது. 11,000 அடி என்றால் திரையில் இரண்டு மணி நேரம் சொச்சம், அவ்வளவுதான். அதற்குள் ஐம்பது பாட்டை எங்கே வைப்பது?

பாடியவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் நடித்தவரே பாடினார், அதனால் குரல் வைத்துத்தான் ஆளையே எடுத்தார்கள், ஆணா பெண்ணா என்பதுகூட அப்புறம்தான். 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தது கே.பி.சுந்தராம்பாள், அதுவும் ஒரு லட்சம் ரூபாய்க்கு. வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். 1941-ல் 'சாவித்திரி'யில் எம்.எஸ்.சுப்புலட்சுமி நாரதர், அந்தச் சம்பளம்தான் கல்கி பத்திரிகை தொடங்கக் கைகொடுத்தது. 1945-ல் 'ஸ்ரீவள்ளி' வரும்போது நிலைமை மாறுகிறது. குமாரி ருக்மிணி பாடி நடித்து எடுத்து முடித்த படத்தில், பாட்டு திருப்தியில்லை என்று ஏ.வி.எம். மெய்யப்பச் செட்டியார் பி.ஏ.பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார், திரையில் வாயசைப்பது ஒருவர், பாடுவது இன்னொருவர். இங்கிருந்து தொடங்குகிற வருடங்களின் பெட்டிகளைப் பெரியவர் "குரல் பிரிஞ்ச பெட்டி" என்கிறார். நல்ல பெயர்.

சனிக்கிழமைச் சபையில் தீர்ந்த மற்ற சில சங்கதிகள். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' டெக்னிகலரில் எடுத்தது என்று போஸ்டரைக் காட்டி வாதாடினார் பேங்க்காரர். எடுத்தது கேவா கலர் பிலிமில், லண்டனில் பிரதி போட்டதுதான் டெக்னிகலர், படத்தின் முதல் காட்சியும் 1959 மே மாதம் லண்டனில்தான். தமிழின் முதல் முழுநீளக் கலர் படம் அதற்கு மூன்று வருடம் முந்தியது, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. எம்.ஜி.ஆர். அறிமுகமான 'சதிலீலாவதி'யை 1936-ல் இயக்கியவர் தமிழ் தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்பது நிறையப் பேருக்குத் தெரியும், ஆரம்பப் படங்களில் எம்.ஜி.ஆர். பெயர் 'எம்.ஜி.ராமச்சந்தர்' என்று வரும் என்பது அந்த விஸ்காம் பிள்ளைகளுக்குப் புதுசாக இருந்தது. பெட்டியில் இருந்த பாட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டியதும் இரண்டு பேரும் அந்த 'ர்' எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்குப் பெரியவர் ஒரு கேள்வி வைத்திருக்கிறார். "'அந்த நாள்' படத்துல எத்தனை பாட்டு?" தெரிந்தவர் ஒன்றுமில்லை என்பார். 1954-ல் எஸ்.பாலசந்தர் பாட்டு, நடனம், சண்டை எதுவுமே இல்லாமல் எடுத்த படம், தமிழில் அதுதான் முதல். உடனே அடுத்த கேள்வி: "சிவாஜிக்கு முன்னாடி யாரு?" இதில்தான் பலர் நின்றுவிடுவார்கள். அதன் கதாநாயகன் வேடத்துக்கு முதலில் எஸ்.வி.சகஸ்ரநாமம், பிறகு கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த என்.விஸ்வநாதன், இரண்டு பேரும் சரிப்படாமல் மூன்றாவதாக வந்தவர்தான் சிவாஜி. பதில் சொன்னால் பரிசு கிடையாது, ஆனால் உள்பெட்டியைத் திறந்து காட்டுவார்.

உள்பெட்டியில் விற்பனைக்கு இல்லாதவை இருக்கின்றன. அதைப் பற்றி எனக்கு வருத்தமும் உண்டு, மரியாதையும் உண்டு. கேட்டால், "இது உங்க வீட்டுக்குப் போனா நீங்க ஒருத்தர்தான் பார்ப்பீங்க" என்கிறார். ஆராய்ச்சிக்கு என்று வருகிற மாணவர்களைத் தரமணியில் இருக்கிற ரோஜா முத்தையா நூலகத்துக்கு அனுப்பிவிடுகிறார், அங்கேயே பார்க்கலாம், எதற்குக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்று. அதுவும் ஒரு தனி மனிதர் கோட்டையூரில் சேர்த்த சேர்க்கைதான். பிலிம் நியூஸ் ஆனந்தனும் அப்படித்தான், 'நாடோடி மன்னன்' காலத்திலிருந்து ஸ்டில்லும் தகவலுமாகச் சேர்த்து 2016-ல் இறக்கும்வரை கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மாதிரி ஆட்கள் இல்லையென்றால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31-ல் வெளியானது, அதன் படச்சுருள் இன்றைக்கு இல்லை. டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னான், நடுவில் காந்தியையும் ராட்டையையும் பற்றிய பாட்டு, அதற்கும் காளிதாசனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இவ்வளவும் எழுத்தில் இருக்கிறது. அந்தக் குரல் எப்படி இருந்தது என்று கேட்க வழியே இல்லை. இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்த சபை இந்தப் பேச்சு வந்தால் அமைதியாகிவிடும்.

இனி கடையின் குறைகள். மரப்படி செங்குத்து, வயதானவர்களை அழைத்துப் போக முடியாது. மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை சாத்தியிருக்கும், போன் செய்யாமல் போய் இரண்டு முறை திரும்பி வந்தேன். மின்விசிறி போட மாட்டார், தாள் பறக்கும் என்பதால், மே மாதம் உள்ளே பத்து நிமிடம் நிற்பது கஷ்டம். பட்டியல் எதுவும் கிடையாது. ஒரு குறிப்பிட்ட படத்தைக் கேட்டால் "நாற்பத்தொன்பது பெட்டியில இருக்கலாம், பாருங்க" என்பார், நாமேதான் தேட வேண்டும், ஐம்பதைத் தாண்டியதும் வரிசை சரியில்லை, 56-ல் 61 கலந்து கிடக்கிறது. விலை எழுதி வைப்பதில்லை. ஒரே மாதிரி இரண்டு புத்தகத்துக்கு இரண்டு வாரம் விட்டு இரண்டு விலை சொன்னார், 250 என்றது 350 ஆனது, கேட்டபோது இரண்டாவதில் பின்னட்டை முழுசாக இருக்கிறது என்றார். இருந்தது உண்மை, ஆனாலும் எழுதி வைத்தால் சந்தேகமே வராது. கார்டு கிடையாது, ஜிபே அவர் மகள் இருந்தால் மட்டும். வெளியூருக்கு அனுப்பமாட்டார்.

பாதுகாப்பு விஷயத்தில் அவர் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டாதீர்கள், பத்து வருடத்தில் பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். லேமினேஷன் கூடவே கூடாது. துருப்பிடித்த பின்னை முதலில் எடுத்துவிட்டு நூலால் கட்டச் சொல்கிறார், இரண்டு ஓட்டை வழியாக வெள்ளை நூல், முடிச்சு வெளிப்பக்கம். பெட்டியின் நான்கு மூலையிலும் துணியில் கட்டிய வசம்பு. என் ஹரிதாஸுக்கு அவரே நூல் கட்டிக் கொடுத்தார், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூச்சுக்கூடப் படாமல் பிடித்துக்கொண்டு, ஒரு முடிச்சுக்குக் கால் மணி நேரம்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை, விலை எழுதாததற்கு.

போன வாரம் பெரியவரிடமிருந்து போன் வந்தது. 1939-ல் கல்கி விகடனில் 'தியாகபூமி' தொடர் எழுதியபோது சினிமா ஸ்டில்களோடு சேர்த்து வெளியிட்டார்கள், படம் வந்த பிறகு வெள்ளைக்காரன் தடை போட்டான், தடை வரப்போகிறது என்று தெரிந்து கெயிட்டி தியேட்டரில் இலவசமாகக் காட்டினார்கள், அந்தத் தொடரின் பக்கங்கள் கிடைத்தால் சொல்லுங்கள் என்று எட்டு மாதத்துக்கு முன்னால் சொல்லி வைத்திருந்தேன். "பதினொரு வாரம் வந்திருக்கு தம்பி, நடுவுல ரெண்டு இல்ல, பேபி சரோஜா படம் நல்லா இருக்கு, சனிக்கிழமை வரைக்கும் யாருக்கும் காட்டாம வைக்கிறேன்" என்றார். நாளை மறுநாள் சனிக்கிழமை.